சகடை வந்து சுற்றியது

ஓர் அம்மாவின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதற்கு நான்தான் காரணம். விசாரித்த அதிகாரி அல்ல, வழக்கறிஞர் அல்ல... நான்! இத்தனை காலம் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மதுரையிலிருந்து மேற்படிப்புக்காகக் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து, வில்லரே பகுதியில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கவும் போவேன். ஏற்கெனவே தமிழில் முதுகலை முடித்தவன். எனக்குத் தெரியாத தமிழ்ச் சொல்லா என்ற கொழுப்பு உடம்பு முழுக்க இருந்தது.

அந்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். நல்லூர் அரசர்கள் ஆண்ட அந்தப் பழைய நகரத்தின் வரலாற்றை நான் பாடமாகப் படித்திருக்கிறேன். அதன்மேல் குண்டு விழுந்த நாளை விசாரணை அறையில் அவர் சொன்னார்.

"சகடை வந்து சுத்தினது. நாங்கள் பங்கருக்குள்ள ஓடினனாங்கள். அடுப்பில பால் பொங்குது எண்டு இவர் திரும்பிப் போனவர். பேந்து வந்து பாத்தா... வீடும் இல்லை, அவரும் இல்லை."

சகடை! சகடம் என்றால் வண்டி. இதற்கு யோசிக்க வேண்டுமா என்ன? 'ஒரு பெரிய வண்டி வந்து சுற்றியது' என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி தாளைப் புரட்டினார். எழுத்து வாக்குமூலத்தில் விமானம் என்றிருக்கிறதே, இப்போது வண்டி என்கிறாரே, எது உண்மை என்று கேட்டார்.

"ஏம்மா, முன்னாடி ஒண்ணு எழுதிட்டு இப்ப வேற சொல்றீங்களாமே?" என்றேன். வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. என் வாய்தான் அங்கே எல்லாருக்கும் காது.

"நான் மாத்திக் கதைக்கேல்லை, தம்பி. சகடைதான் போட்டது. கண்ணால கண்டனான்."

சொல்லிக்கொண்டே விரலை உயர்த்தி, கூரைக்குக் கீழே வட்டமாகச் சுற்றிக் காட்டினார். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். புரிந்துவிட்டது! குண்டு போடும் விமானத்துக்கு அந்த மக்கள் வைத்த பெயர் அது.

'தவறு என்னுடையது' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் முன்னால், இந்தத் தமிழ் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதா? நானா?

'வண்டிதான் என்கிறார்' என்றேன்.

அறியாமல் செய்தது முதல் பிழை. இது அறிந்து சொன்ன பொய். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? மூச்சு விடும் நேரம்கூட இல்லை...

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை, தமிழர் அதிகம் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மளிகைக் கடையில் அவரே என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். கையில் முருங்கைக்காய்.

"இல்லையெண்டு கடிதம் வந்திட்டுது தம்பி. மாத்தி மாத்திச் சொன்னனாம். அண்டைக்குப் பதட்டத்தில நான்தான் பிழையாக் கதைச்சுப்போட்டன் போல. நீங்கள் வடிவாத்தான் சொன்னியள்."

என்னைத் திட்டியிருக்கக் கூடாதா! அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. முருங்கைக்காயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"திங்கட்கிழமை பத்து மணிக்குத் திரும்ப லோயரிட்டப் போறன். பாஷை தெரிஞ்ச ஒராள் வேணும். நீங்கள் வாறியளே?"

நான் நடந்ததை வழக்கறிஞரிடம் சொன்னால் வழக்குக்கு மறுபடி உயிர் வரும். அது எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

"வாறன் அம்மா" என்றேன், அவருடைய பேச்சிலேயே. அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடைச் சீட்டின் பின்புறம் விலாசம் எழுதிக் கொடுத்தார்.

நான் போகவில்லை.

பத்து மணிக்கு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றுக்கும் அங்கேயேதான் இருந்தேன். அந்த வாசலில் அவர் எவ்வளவு நேரம் நின்றார்? இலங்கைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்களா? தெரியாது. விசாரிக்கவும் துணிவில்லை.

அதன்பின் மொழிபெயர்க்கப் போகவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கமும் போவதில்லை. தமிழ் பேசி எத்தனையோ நாளாகிறது. எப்போதாவது மெத்ரோ ரயிலில் யாராவது என் முகத்தைப் பார்த்து ஆசையாக, "தமிழோ?" என்று கேட்கிறார்கள்.

இல்லை என்கிறேன்... ஆங்கிலத்தில்.