கன்னி மூலைத் தொட்டி

தொண்ணூறுகளின் பின்பாதியில் திருப்பதியில் கையில் காசு வந்தவர்கள் எல்லாம் லாட்ஜ் கட்டினார்கள். அந்த அவசரத்தில்தான் எனக்கும் வேலை கிடைத்தது. விஜயபுரம் பக்கம் பிறர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிய குடும்பத்தின் முதல் இன்ஜினீயர் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஆபீஸில் உட்கார்ந்து, எந்தத் தூணுக்கு எவ்வளவு கம்பி என்று கணக்குப் போடுவேன்.

ஐந்து மாடி லாட்ஜ் ஒன்றுக்கு நான் போட்ட கணக்கில் தண்ணீர்த் தொட்டி மாடிப்படிக்கு மேலே இருந்தது. கட்டி முடித்தபின் போய்ப் பார்த்தால் தென்மேற்கு மூலைக்கு நகர்ந்திருந்தது. கன்னி மூலையில் பாரம் இருந்தால்தான் முதலாளிக்குச் சொத்து நிலைக்கும் என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். அவ்வளவு பாரம் தாங்க அந்த மூலை உத்தரத்தில் கம்பி இல்லை. தொட்டியை நிரப்பிய இரண்டாம் வாரம், மேல்மாடி நடையில் அந்த உத்தரத்தில் சாய்வாக ஒரு விரிசல் விழுந்தது. தலைமுடி கனம்தான்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையிலும் சாந்து பூசிவிட வேண்டும். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒட்டினேன். ஒட்டிய தேதியைக் கண்ணாடிமேல் எழுத வேண்டும் என்று படித்திருந்தேன். ஒரே ஒரு துண்டுதானே என்று எழுதவில்லை. இன்று என்னிடம் வேலை செய்பவர்கள் தேதி எழுதாமல் விட்டால் நான் கத்துகிற கத்தலுக்குக் காரணம் அவர்களுக்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை போவேன். கண்ணாடி முழுசாக இருக்கும். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அதற்குள் எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அதற்கு எங்கள் ஆபீஸ் சார் அனுபவச் சான்றிதழ் தரவேண்டும். லாட்ஜ் முதலாளியோ கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று கடிதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அஞ்சு மாசமா பாத்துக்கினு கீற, ஒடையலல்ல? அப்பறம் இன்னா? எழுதிக் குடு," என்றார் சார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

முதலாளிக்கு ஏக சந்தோஷம். என்னை வழியனுப்ப வந்த நைனாவுக்கும் அம்மாவுக்கும் மேல்மாடியில், தொட்டிக்கு நேர் கீழே இருந்த மூலை அறையைச் சும்மாவே கொடுத்தார். கருட சேவைக்கு முதல்நாள் அது, ஊரே நிரம்பியிருந்தது. காலையில் நைனாவை நடைக்குக் கூட்டிவந்து, உத்தரத்துக் கண்ணாடியைக் காட்டிப் பெருமையாக விளக்கினேன். நடையைப் பெருக்கிக்கொண்டிருந்த லாட்ஜ் வேலைக்காரப் பெண் ஒருவர் நிமிர்ந்து சிரித்தார்.

"நீங்க ஒட்டனது எப்பவோ ஒடைஞ்சிப் போச்சி சார். ஒடைஞ்ச கண்ணாடி இருந்தா ஆவாது, சாமிக்கு வர்றவங்க தங்கற எடம். நாந்தான் மேஸ்திரியாண்ட சொல்லி மாத்தி மாத்தி வெக்கறேன். மொதல்ல மாசத்துக்கு ஒண்ணு ஒடைஞ்சிது. போன வாரம் மட்டும் ரெண்டு."

பாராட்டுவேன் என்று நினைத்து நின்றார்.

கீழே ஓடி, தொட்டியை உடனே காலி செய்யச் சொன்னேன். மேனேஜர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நாளைக்கி கருட சேவ சார். ரூமெல்லாம் புல்லு. தண்ணி இல்லன்னா ஜனம் சும்மா வுடுமா? நீங்க குடுத்த லெட்டர் முதலாளி பீரோவுல கீது. அத வாபஸ் வாங்கிக்கிறீங்களா, சொல்லுங்க. இப்பவே போன் போடறேன்."

போன் போட்டால் சாருக்குத் தெரியும். இன்னும் கைக்கு வராத சான்றிதழ் வராமலே போகும். விமானத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"வேணாம். நாளானிக்கி மறக்காம காலி பண்ணிடுங்க," என்றேன்.

மேலே வந்து, "கெளம்பு நைனா, சென்னைல வேல கீது," என்றேன்.

"கருட சேவ பாக்காமயா?" என்று முனகிக்கொண்டே நைனா வேட்டியை மடித்து வைத்தார்.

பக்கத்து அறையில் ஒரே குடும்பத்தில் எட்டுப் பேர் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் மொட்டையடித்த இரண்டு குழந்தைகளுக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்புவதைப் பார்த்து, "ரூம காலி பண்றீங்களாம்மா? மூல ரூம்புல காத்து நல்லா வரும்னாங்க. பசங்கள அங்க படுக்க வெக்கலாம்," என்றார்.

"தாராளமா படுக்க வெய்ம்மா, நாளைக்கி வரைக்கும் எங்க ரூம்புதான்," என்று அம்மா சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

நான் பெட்டியோடு அங்கேதான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த லாட்ஜ் என்னாயிற்று என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதும் இல்லை.