குடிலைச் சுற்றிய தகர இன்ஜின்

அகலப்பாதை போடுவதற்காக எங்கள் பக்கத்துத் தண்டவாளங்களை எல்லாம் பிடுங்கிப் போட்டிருந்த காலம். கடலூரில் ரயில் கிடையாது, சிதம்பரத்திலும் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு டிசம்பரில்தான் நான் பெத்லகேமுக்கு ரயில் விடுவதென்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் என் இலாகா. பழுப்புக் காகிதத்தைக் கசக்கினால் மலை, கேழ்வரகை முளைக்கவிட்டால் புல்வெளி, கண்ணாடித் துண்டு வைத்தால் குளம். அந்தத் தடவை மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி ரயில் ஓடும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். பெத்லகேமில் ரயில் ஏது என்று மனைவி கேட்டாள். போன வருடம் ஹெலிகாப்டர் தொங்கவிட்டபோது கேட்காதவள்.

இன்ஜின் அவளுடைய அண்ணனுடையது. மச்சானுக்குச் சிதம்பரத்தில் வீடு. சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய தகர இன்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டும் தண்டவாளம். மலேயாவிலிருந்து திரும்பிய பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவரிடம் என் மாமனார் வாங்கி மகனுக்குக் கொடுத்தது. மகளுக்குப் பார்க்க மட்டும் அனுமதி; இவள் சாவியைத் தொட்டால் உடைந்துவிடும் என்பது அந்த வீட்டுத் தீர்ப்பு. மச்சான் வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள், குடில் வைக்க இடமில்லை. அதனால் கேட்டு வாங்கி வந்தாள். அண்ணனிடம் அவள் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பண்டிகையன்று சாப்பாட்டுக்கு வருவேன், ஓடுகிற நிலையில் என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்ல, இவளும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் கரகரவென்று சத்தம். மஞ்சக்குப்பம் ஆபீஸில் இருபது வருடமாக ஃபைல் கட்டிக்கொண்டிருப்பவனுடைய இயந்திர ஞானம், சத்தம் வந்தால் எண்ணெய் விடு என்பதோடு முடிந்துவிடும். கைக்கு அகப்பட்டது தேங்காய் எண்ணெய். தாராளமாக விட்டேன். மறுநாள் விடிகாலைக் குளிரில் பாட்டிலில் எண்ணெய் எப்படி உறைந்திருந்ததோ அப்படியே இன்ஜின் வயிற்றுக்குள்ளும் உறைந்திருந்தது. வெயிலில் வைத்திருந்தால் உருகியிருக்கும். நான் சாவியை முழுக்க முறுக்கினேன். நகரவில்லை என்றதும் சக்கரத்தைக் கையால் பிடித்து வலுவாகத் திருப்பினேன். உள்ளே கிர்ரென்று ஒரு சத்தம். முறுக்கியதெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்ந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தால், நடுவிலிருந்த பித்தளைப் பல்சக்கரம் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. தேய்ந்த பற்களிலும் பாதியை நான் உதிர்த்திருந்தேன். மிச்சத்தை எண்ணினேன். ஒரு தடவை பதினேழு, இன்னொரு தடவை பத்தொன்பது.

மனைவி திட்டவில்லை. அச்சு முறுக்குக்கு மாவு கரைத்தபடியே சொன்னாள்: "அண்ணன் உங்கள ஒண்ணும் சொல்லாது. தங்கச்சி கைல குடுத்தேன் பாருன்னு என்னத்தான் சொல்லும்."

திட்டியிருக்கலாம்.

கடலூரில் இரண்டு வாட்ச் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். சிதம்பரத்தில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்றார் இரண்டாமவர். மச்சான் இன்ஜினை மச்சான் ஊருக்கே ஒளித்து எடுத்துப் போனேன். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, கோழியா என்று கேட்டார் பஸ் கண்டக்டர். ரயில் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அதற்குமேல் பேச்சுக் கொடுக்காமல் நகர்ந்துவிட்டார்.

மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை. ஊரே சி.டி.க்கு மாறிவிட்டதால் செத்துப்போன டேப்புகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் என் பல்சக்கரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இது இந்த இன்ஜின் வீலே இல்ல சார். அலாரம் கடியாரத்து வீலு. மின்னாடியே யாரோ கை வச்சிருக்காங்க. பல்லுக்குப் பல்லு சேரல, அதான் இவ்ளோ தேஞ்சிருக்கு."

என்னைப் போல இன்னொரு ஆள் உலகத்தில் இருந்திருக்கிறான் என்பதில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

அந்த அளவில் சக்கரம் கிடைக்கவில்லை. இரண்டு டேப்புகளைப் பிரித்து, சின்னதாக இரண்டு நைலான் சக்கரங்களை எடுத்து அந்த ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினார். இன்ஜினைக் கண்ணாடி மேஜைமேல் மல்லாத்திப் போட்டுச் சாவி கொடுத்தோம். சக்கரங்கள் சர்ரென்று சுழன்றன. இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து பழைய சக்கரத்தைக் காட்டி அலாரம் விஷயத்தை ஒரு தமாஷாகத்தான் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"சின்ன வயசுல எங்க அப்பாவோட அலாரம் ஒண்ணு திடீர்னு ஒரு நாள் ஓடாமப் போச்சி. நாந்தான் திருவி உடைச்சேன்னு என்ன அடிச்சாரு. நான் அதத் தொடவே இல்லங்க."

நான் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தேன். அது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகப் போனது. ஒரு சக்கரம் இருந்த இடத்தில் இரண்டு வந்தால் ஓட்டம் திசை மாறிவிடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மல்லாந்து கிடந்த இன்ஜினில் முன் எது பின் எது என்று கடையில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மறுநாள் பண்டிகை, திரும்பப் போக நேரமில்லை. அன்று சாயங்காலம் பாட்டுப் பாட வந்த மாதா கோயில் பிள்ளைகள் மட்டும், தொழுவத்துக்கு வந்த மூன்று ராஜாக்களும் ஊருக்குத் திரும்புகிறார்கள் போல என்று பேசிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மதியம் மச்சான் வந்தார். வந்ததும் தரையில் உட்கார்ந்து அவரே சாவி கொடுத்தார். ரயில் பின்னாலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி கைல குடுத்தேன் பாரு" என்றார். சொல் மாறாமல் அதேதான். உனக்கு எதைக் கொடுத்தாலும் உருப்படியாகத் திரும்பி வராது, சின்ன வயதிலேயே அப்படித்தான் என்று ஆரம்பித்துத் தொடர்ந்தார். தேங்காய் எண்ணெய் விட்டவன் நான்தான் என்று சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் இடைவெளி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எவ்வளவு தூரம் சொல்லியிருப்பேன் என்பது சந்தேகம்தான்.

மனைவி உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்தாள். ஒரு துண்டு கேக், இரண்டு அச்சு முறுக்கு, நடுவில் அந்தப் பல்லுபோன பித்தளைச் சக்கரம். அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுண்ணே."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார். ஒரு துண்டு கேக்கை அத்தனை நேரம் மென்ற ஆளை நான் பார்த்ததில்லை. தின்று முடித்ததும் சக்கரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது மாப்ள" என்று என்னிடம் சொன்னார். "இங்கயே இருக்கட்டும்."

பிறகு சாவியைத் தங்கையிடம் நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாவியைச் செருகினாள். திருப்பினாள், இன்னும் திருப்பினாள், மேலும் திருப்பினாள். மச்சானும் நானும் ஒரே நேரத்தில் "மெதுவா" என்று ஆரம்பித்து, ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டோம்.