பிடிக்குள் திசைகாட்டி இருந்த கத்தி

தொண்ணூற்று நாலில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தேன். என் மேசை இருந்த இடத்தில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒருமுறையாவது ஜவ்வாது மலையில் கூரையில்லாமல் படுத்து எழ வேண்டும் என்பது வெறியாகவே ஏறியிருந்தது. கூட வேலை பார்த்த கீழ்பென்னாத்தூர்க்கார நண்பன் தானும் வருவதாகச் சொன்னான்.

காட்டுக்குப் போகிறவனுக்குப் பெரிய கத்தி வேண்டும் என்று எனக்கு நினைப்பு. செங்கம் ரோட்டில் வாடகை அறையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்புமுன் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கட்டில்மேல் இரண்டு கத்திகள். இரண்டும் மடக்க முடியாதவை, உறையோடு இருந்தன. ஒன்று கறுப்பு, நீளம். முதுகில் ரம்பப் பல். பிடியின் மூடியைத் திருகினால் உள்ளே தீக்குச்சியும் தூண்டில் நரம்பும். மூடியிலேயே திசைகாட்டி. மற்றது சாதாரணம். ஒரு சாண் அலகு, மரப்பிடி, மூன்று ஆணி.

நண்பன் மரப்பிடியைத்தான் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இத எடுப்பா. இரும்பு பிடி கடைசி வரிக்கும் போவுது பாரு. அதுல உள்ள காலி. அலகு எத புடிச்சினு நிக்கும்?"

"உனக்கு மல்லாட்டை புடுங்கத்தான் தெரியும்" என்றேன். அவன் ஊர்ப்பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்.

வெள்ளைக்காரரும் மரப்பிடியையே தொட்டுக் காட்டினார். விலை போகாததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கறுப்புக் கத்தியை வாங்கிவந்து, அறைக் கண்ணாடிமுன் இடுப்பில் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, கடைசி ஊரையும் தாண்டி ஓடையோரமாக நடந்தோம். பதினோரு மணி இருக்கும். நான் கால் வைத்த கல் உருண்டது. வலது கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால்வரை இறங்கி, மணிக்கட்டுத் தடிமன் வேர் ஒன்றுக்கு அடியில் செருகிக்கொண்டது. உள்ளே போகும்போது வளைந்து கொடுத்த வேர், இழுத்தால் நகரவில்லை.

நண்பன் என் கறுப்புக் கத்தியை உருவிக் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு வெட்டினான். மூன்றாவது வெட்டில் படக்கென்று ஒரு சத்தம். அவன் கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு இடுக்குக்குள் விழுந்து எங்கோ ஆழத்தில் கணீரென்றது.

அவன் ஒரு வார்த்தைகூடக் குத்திச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஊர்ல போய் யாரனா கூட்டினு வரேன். கால ஆட்டாத, வீங்கிடும்" என்று தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பாறையில் சாய்ந்திருந்தேன். முதலில் வலித்தது. பிறகு மரத்துப்போனது, அது இன்னும் பயமாக இருந்தது. முதுகில் எறும்பு ஏறுவது தெரிந்தது, கை எட்டவில்லை. அவன் போட்டுவிட்டுப் போன பிடியின் மூடியில் திசைகாட்டி முள் ஆடி ஆடி நின்றது. வடக்கு எது என்று துல்லியமாகத் தெரிந்தது. எந்தத் திசையிலும் ஒரு விரற்கடை நகர முடியாதவனுக்கு அது எதற்கு? கத்தினேன். பதில் வரவில்லை. திரும்ப வருவானா என்றுகூட ஒரு கட்டத்தில் சந்தேகப்பட்டேன். அந்தச் சந்தேகத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வெயில் எதிர்ப்பாறைக்கு மாறிய பிறகு வந்தான். கூடவே சாமைக் கொல்லையிலிருந்து ஓர் அம்மா, கையில் கொடுவாளோடு. அவர் எட்டிப் பார்த்தார். "கண்ண மூடிக்க தம்பி" என்றார். ஐந்தாறு வெட்டு. வேர் அறுந்தது. நண்பன் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... படுத்துட்டுப் போலாம்னு."

"வூட்ல எடம் இல்லியா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

கால் சரியாக ஒரு மாதம் ஆனது. அடைபட்டுவிடுவேனோ என்ற பயம் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்க அதற்கும் மேல் நாளானது. தை பிறந்ததும் நண்பனோடு போய்த் தேரடி வீதிக் கடையொன்றில் கத்தி கேட்டேன். கடைக்காரர் நான்கைந்து எடுத்துப் போட்டார். முனையையும் பளபளப்பையும் விட்டுவிட்டு ஒவ்வொன்றின் பிடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா சார், கத்திய வாங்குறீங்களா, பிடிய வாங்குறீங்களா?"

நண்பன் சிரித்தான். நானும் சிரித்தேன். இரும்பு பிடியின் கடைசிவரை ஓடிய, தடித்த முதுகுள்ள ஒன்றை அவனே எடுத்து என் கையில் வைத்தான்.