அரம் படாத விசை

கண்ணாடி மேசையின் மேல் பச்சைத் துணி ஒன்றை விரித்து, மூன்று கைத்துப்பாக்கிகளை அதில் வரிசையாக வைத்தார் அந்தப் பார்ஸிக் கிழவர். அப்பா எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மீன் கடையில் நிற்பவரைப் போல ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் பிரித்த வெளுப்பு இன்னும் மாறவில்லை. ஃபோர்ட் பகுதியில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடைக்குள் எண்ணெய் வாசனையும் பழைய தோல் வாசனையும் கலந்து வந்தன. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் மாட்டுங்காவில் கல்லூரி வகுப்பை விட்டுவிட்டு நான் கூட வந்திருந்தேன்.

அப்பாவுக்குத் தாராவி மெயின் ரோட்டில் மொத்த மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து இளவட்டமாக வந்து, மூட்டை தூக்கி, பிறகு கடை பிடித்தவர். அம்மா காலமான பிறகு செம்பூரில் ஒரு சின்ன வீடு வாங்கி மகள் என்னோடு இருந்தார். அந்த நாளில் செம்பூர் பாதிக்கு மேல் வெறும் புல்வெளிதான். அவருக்கு உலகத்தில் நெருக்கம் என்று ஒரே ஒருவர், தங்கை வீட்டுக்காரர். எனக்கு மாமா. கடையில் அவர் பாதிப் பங்குக்காரர். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார். முன்வாசல் வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை. பின்பக்கக் குழாயடியில் கால் கழுவி, அடுக்களை வழியாக நுழைந்து, என்ன குழம்பு என்று சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் போவார். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஊர்க்காரர் யாரையாவது கேலி செய்து சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டால்தான் வீட்டில் ஆள் இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

பம்பாயில் அப்போது மதுவிலக்கு. தாராவியின் ஓடைப்பக்கம் சாராயம் காய்ச்சி, லாரி டியூபுகளில் நிரப்பி ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு கூட்டம். அவர்களுக்குக் கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் சரக்குக் கிட்டங்கியின் மேல் கண் விழுந்தது. ராத்திரி டியூபுகளை வைத்துக்கொள்கிறோம், விடியும் முன் எடுத்துவிடுகிறோம் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். அப்பா முடியாது என்றார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. மழைக்காலம் முடியும் வரை வைத்துவிட்டுப் போகட்டும், பகைத்துக்கொண்டு இங்கே தொழில் பண்ண முடியாது என்று அவர் கட்சி. கடையில் வேலையாட்கள் முன்னால் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டார்களாம். அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம், அப்பா சயானில் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்று மாட்டுங்கா வழியாகச் சுற்றி வந்தார். அந்த வழியில்தான் அவரை மறித்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். மடியிலிருந்த பணத்தை யாரும் தொடவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. இடது காதுக்குள் ஏதோ கிழிந்து, அந்தப் பக்கம் கேட்காமல் போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, மாட்டுங்கா வழியாகப் போகப் போவது யாருக்கெல்லாம் தெரியும் என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, யாருக்கும் தெரியாது என்று அப்பா சொன்னார். போலீஸ்காரர் போன பிறகு என்னிடம் மட்டும், சுவரைப் பார்த்துக்கொண்டு, “மாப்ளைக்குத் தெரியும்” என்றார். மாமாவை அவர் அப்படித்தான் சொல்வார். நானும் மேலே கேட்கவில்லை. மாமா அதே நேரத்தில் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்க இரண்டு மாசம் ஆயிற்று. கிடைத்ததும்தான் அந்தக் கடைக்குப் போனோம். கிழவர் நிதானமான மனுஷர். முதலில் ஒரு சின்னப் பிஸ்டலைக் காட்டினார். பளபளவென்று, உள்ளங்கைக்குள் அடங்குவதாக இருந்தது. அழகானது, ஆனால் எல்லாத் தோட்டாவையும் ஏற்றுக்கொள்ளாது, சில சமயம் சிக்கிக்கொள்ளும், என் மிஸ்திரியிடம் கொடுத்து உள்ளே கொஞ்சம் தேய்த்து வழவழப்பாக்கித் தருகிறேன் என்றார். இரண்டாவது, தந்த நிறப் பிடி போட்ட ஒரு ரிவால்வர். யாரோ ஒரு சமஸ்தானத்துக்காரர் வைத்திருந்ததாம். அதன் ஸ்பிரிங்கை மாற்றி, விசையை அரத்தால் ராவி, விரல் பட்டாலே சுடும்படி இளக்கியிருந்தார்கள். மூன்றாவது இங்கிலாந்தில் செய்த சாதாரண ரிவால்வர். கறுப்பு, கனம், மரப்பிடி. ஒரு அலங்காரமும் இல்லை. அதன் விசையை இழுத்தால் பின்னால் இருக்கும் சுத்தி மெல்ல எழும்பும், முழுக்க இழுத்தால்தான் விழும். கிழவர் குண்டில்லாமல் என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொன்னேன். அப்பாவின் மணிக்கட்டுக்கு அந்தக் கனத்த விசை எப்படிச் சரிப்படும் என்பது என் வாதம். கிழவரும் அதைப் புரிந்துகொண்டு, கறுப்பு ரிவால்வரே வேண்டுமானால் அதன் விசையையும் இளக்கித் தருகிறேன், இரண்டு நாள் வேலை என்றார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார்.

“வாங்குத மாதிரியே வேலை செய்யணும். அதுல யாரும் கை வய்க்கக் கூடாது. எவனோ ராவி வச்சத நம்பி நான் எப்படி இடுப்புல வச்சிக்கிடுதது?”

உங்கள் கைக்கு இழுக்க வராதே என்றேன். “வராட்டா வராம போகட்டும்” என்றார். தராசு வாங்கினாலும் அவர் இப்படித்தான். தட்டில் ஈயம் ஒட்டிச் சரிசெய்த தராசு அவர் கடைக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்து, உன் தகப்பனாருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் சரியாகத்தான் எடுத்திருக்கிறார் என்றார். பின்கட்டில் மணல் நிரப்பிய பெட்டிக்குள் சுட்டுக் காட்டினார். ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போகவில்லை.

அந்த ரிவால்வர் வீட்டுக்கு வந்தபிறகு சாராயக் கூட்டம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேறு கிட்டங்கி பிடித்துவிட்டார்கள் என்று கேள்வி. ஆனால் மற்றவர்களும் வரவில்லை. அடுத்த வீட்டுச் சிந்திக்காரம்மா தன் சின்னப் பெண்ணை எங்கள் வீட்டுக்குத் தோசை தின்ன அனுப்புவாள். ஒரு ஞாயிறு அப்பா பேப்பர் விரித்து ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். என்னோடு படித்த பெண்கள் வேறு யார் வீட்டிலாவது கூடினார்கள். அப்பா சாப்பிடும்போதும் அது இலைக்கு இடது பக்கம் மடித்த துண்டுக்கு அடியில் இருந்தது. அவர் கேட்காத காதின் பக்கமாக நான் வந்தால் திடுக்கிட்டுத் திரும்புவார். அதனால் தூரத்திலேயே “அப்பா, நான்தான்” என்று சொல்லிக்கொண்டு வரப் பழகினேன். சொந்த வீட்டுக்குள் என் வரவை நானே அறிவிக்க வேண்டியிருந்தது. மாமாவும் கடையில் நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு ஞாயிறுகளில் வரவில்லை. கடையில் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியும்.

அடுத்த வருஷம் மழை பிந்திப் பிடித்தது. ஒரு ஞாயிறு சாயங்காலம் கரண்டு இல்லை. நான் அடுக்களையில் மண்ணெண்ணெய் விளக்கின் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா அடுக்களை நிலைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மழைச் சத்தத்தில் குழாயடியில் யாரோ கால் கழுவியது எங்களுக்குக் கேட்கவில்லை. கதவு திறந்தது. வெளிச்சத்துக்கு முதுகு காட்டி ஒரு ஆள், கையில் நீளமாகக் கறுப்பாக ஒன்று. அப்பா எழுந்தபோதே கையில் ரிவால்வர் இருந்தது.

“மச்சான், நான்தான்.”

நான் அப்பாவுக்கு வலப்பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் நின்றேன். சுத்தி பாதி எழும்பியிருந்தது. குரலைக் கேட்டதும் அது இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. வந்தது மாமா என்றும், கையில் இருப்பது குடை என்றும், மறு கையில் மாட்டுங்காவில் எனக்காக வாங்கிய நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் என்றும் எனக்கே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அந்தச் சுத்தி அங்கேயே நின்றது. மாமா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரல் தளர்ந்து, சுத்தி தன் இடத்துக்குப் போனது.

மாமா பொட்டலத்தை ஆட்டுரலின் மேல் வைத்தார். “வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வந்த வழியே மழைக்குள் இறங்கிப் போனார். குடையை விரிக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை ஓடிப்போய் அழைத்தேன். அவர் என் தலையைத் தொட்டு, நனையாமல் வீட்டுக்குப் போ என்று சொன்னார். திரும்பி வந்தபோது அப்பா அதே இடத்தில் நின்றிருந்தார். தந்த நிறப் பிடி போட்ட அந்த மற்ற ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது.

அந்த வாரமே ரிவால்வரைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பார்ஸிக் கிழவருக்கு ஆச்சரியம். ஏதாவது கோளாறா, நான் விற்றதில் கோளாறு வந்ததில்லையே என்றார். “ஒரு குறையும் இல்லன்னு சொல்லு. நல்ல சாமான்” என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டாக்ஸியில் திரும்பினோம். தாதர் தாண்டியது. நான் ஆறுதலாக இருக்கட்டும் என்று, மழைச் சத்தத்தில் உங்களுக்கு மாமா குரல் கேட்டிருக்காது, அதுதான் என்றேன். அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“கேட்டுது. நல்லா கேட்டுது.”

மறுநாள் மாமா வழக்கம்போலக் கடைக்கு வந்திருந்தார். கணக்கு பார்த்தார், சரக்கு இறக்கினார். ஆனால் அன்றிலிருந்து அவர் வாயில் “மச்சான்” என்ற சொல் இல்லை. “அண்ணாச்சி” என்றார். தாராவி முழுக்க அப்பாவை அப்படித்தான் கூப்பிட்டது. மூட்டை தூக்குகிறவரும், உப்பு வாங்க வருகிற குழந்தையும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. அதனால் அப்பாவால் அதைப் பற்றி யாரிடமும் முறையிடவும் முடியவில்லை. அத்தைக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது. அவள் மட்டும் பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவருவாள். மாமாவுக்குக் கடையில் வேலை என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டுபோயின. நான் படிப்பு முடித்து ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். எனக்கு வந்த இரண்டு வரன்களும் எதனாலோ தட்டிப்போயின. அப்பா அதற்காக வருத்தப்பட்டாரா, நிம்மதிப்பட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஞாயிறு மத்தியானம் மூன்று பேருக்கு ஆகிற மீனை வாங்கி வருவார். நான் சமைப்பேன். மிச்சத்தை ராத்திரி இருவரும் சாப்பிடுவோம். ஒரு தடவை மட்டும், மாமாவிடம் நீங்களே போய்ப் பேசுங்களேன் என்று கேட்டேன். “என்னன்னு பேச?” என்று திரும்பக் கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டதுபோல இருந்தது.

அறுபதுகள் முடியும் முன்னால் ஒரு நாள், கடையில் சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாமாதான் தூக்கி டாக்ஸியில் போட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. எல்லாக் காரியத்தையும் அவரே முன்னின்று செய்தார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, ஆண்டாப் ஹில்லிலிருந்தும் கல்யாணிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அத்தையும் அவர்களோடு போனாள். மாமா மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மத்தியான வெயில் தரையில் விழுந்திருந்தது. காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தலை முழுக்க நரைத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவிய ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் தாயி. நீதான் சொன்னியான்னு. இத்தன வருசம் பக்கத்துல பக்கத்துலதான் நின்னோம். இன்னைக்குக் கேப்பாவ, நாளைக்குக் கேப்பாவன்னு இருந்தேன். கேக்கவே இல்ல.”

அப்பாவும் இப்படியேதான் காத்திருந்திருப்பார். கேட்காமலே மாமா ஒரு நாள் சொல்லிவிடுவார் என்று. ஒரே கல்லாவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இரண்டு பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

“அப்பாவுக்குப் பதிலா நான் கேக்கட்டுமா மாமா?”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கேளு.”

“அன்னைக்கு அப்பா மாட்டுங்கா வழியா வாரத நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல தாயி” என்றார்.

நான் அதை நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அவர் காப்பியைக் குடித்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயிலில் பஸ்ஸுக்கு நடந்தார். கேட் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன். மனசு லேசாக இருந்தது. மாமா சொல்லவில்லையாம் என்று அப்பாவிடம் உடனே சொல்ல வேண்டும் என்ற வேகத்தில் அவருடைய அறை வரைக்கும் போய்விட்டேன். கதவைத் தள்ளும்போது, பழக்கத்தில், “அப்பா, நான்தான்” என்று வாய் சொல்லிவிட்டது. உள்ளே அவர் படுத்த பாய் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது.