நம்மவர் அல்லாதவருக்கான பக்கம்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்த காலம். கேட்டவர்களுக்கு இணையதளமும் செய்து கொடுப்போம். ஒரு சாதிச் சங்கத்தின் செயலாளர், பருத்திக் கமிஷன் கடைக்காரர், வரன் பார்க்க ஒரு தளம் வேண்டுமென்று வந்தார். பெண், மாப்பிள்ளை போட்டோக்களை அவர்கள் ஆட்கள் மட்டும்தான் பார்க்க வேண்டுமாம். குடும்பத்துக்கு ஒரு பாஸ்வேர்ட். ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவருக்கே சொல்லிக் கொடுத்தேன்.

பாஸ்வேர்ட் தப்பாகி, கேன்சல் கொடுத்தால் இங்கிலீஷில் ஒரு வறட்டு வரி வரும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. சிவப்பு எழுத்தில் தமிழில் வர வேண்டுமென்று வாசகத்தையும் அவரே சொன்னார்: ‘நீங்கள் நம்மவர் அல்ல. வெளியேறவும்.’

அடிக்கும்போதே அருவருப்பாக இருந்தது. முதலில் அந்தப் பக்கம் வரவே இல்லை. பூட்டிய ஃபோல்டருக்குள்ளேயே அதையும் வைத்திருந்தேன். பாஸ்வேர்ட் இல்லாதவருக்குக் காட்ட வேண்டியது பூட்டுக்கு உள்ளே கிடந்தது. வெளியே எடுத்து வைத்ததும் வந்தது. செயலாளர் வேண்டுமென்றே தப்புத் தப்பாக அடித்து, அது வர வரப் பார்த்து ரசித்தார்.

சில மாதம் கழித்து இடைசெவலிலிருந்து அந்தச் சங்கத்துக் குடும்பத்து அம்மா ஒருவர் வந்தார். இரண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். அவர் சொன்ன பாஸ்வேர்டை நான் அடித்தேன். பெட்டி திரும்பத் திரும்பப் பாஸ்வேர்டைக் கேட்டது. கேன்சல் கொடுத்தேன். சிவப்பு எழுத்து வந்து நின்றது. அவர் அதை எழுத்துக் கூட்டி, சத்தமாகவே வாசித்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

செயலாளருக்குப் போன் போட்டேன். காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “இவ மூத்த மக வேற சாதிக்காரனோட போயிட்டால்லா. இவளுக்குக் காட்டத்தானம்மா அந்தப் பக்கமே போட்டிருக்கு.”

பெயரை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“சின்னவ என்னம்மா செஞ்சா?” என்று கேட்டார். திரையில் இருப்பதை எடுத்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கே வாசகத்தை மாற்றினேன்: ‘பாஸ்வேர்ட் பொருந்தவில்லை.’ மறுநாள் செயலாளர் வந்து, என்னிடம் பேசாமல், இந்தப் பிள்ளை என்ன ஆளுக என்று எங்கள் முதலாளியிடம் விசாரித்தார். முதலாளி சிரித்து மழுப்பி, பழையதையே போட்டுவிடச் சொன்னார். முடியாது என்றேன். செயலாளர் வேலையை வேறு சென்டருக்குக் கொண்டுபோய்விட்டார்.

பிறகு ஒரு நாள் அந்தத் தளத்தைத் திறந்து, தப்பாக எதையோ அடித்துப் பார்த்தேன். அதே வாசகம், முன்னைவிடப் பெரிதாக. அதன் கீழே சங்கத்தின் கொடி படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. யாரோ மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள்.