எங்கள் வீட்டுக்கு வந்த மைதானம்

பிள்ளைகள், போன சனிக்கிழமை மட்ச் பார்த்துவிட்டுக் கழுத்தில் சால்வையோடு வந்து, "அப்பா, நீங்கள் சின்ன வயதில் முதன்முதல் போன ஸ்டேடியம் எது?" என்று கேட்டீர்கள். நான் ஒன்றுக்கும் போனதில்லை என்றேன். பாவம் அப்பா என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டீர்கள். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் முழுக்கதையும் அதுவல்ல. நான் ஒரு மைதானத்துக்கும் போகவில்லை; ஒரு மைதானம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் போனை எடுத்துவிடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படித்தவனில்லை. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், மனைவியை இழந்தவர், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரை ஐயா என்றுதான் எங்களுக்குள் சொல்லுவோம். அவருடைய ஆங்கிலம் எங்கள் பள்ளிக்கூட ஆங்கிலம் இல்லை. அது தொண்டையிலிருந்து உருண்டு வரும். அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது ஐயா படிக்கட்டின் அடியில் மறித்துக் கதை சொல்லுவார். அப்பா களைப்பில் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவார். இப்படி யெஸ் சொல்லியே ஒருநாள் பின்வேலி முழுவதற்கும் பெயின்ற் அடிக்க ஒப்புக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஐயா தூரிகையோடு வந்து கதவைத் தட்டியபோதுதான் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது.

ஐயாவின் கதையெல்லாம் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தைப் பற்றியது. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ஸ்கொட்லாந்தில் நிலக்கரி ஊர் ஒன்றில், சுரங்கத் தொழிலாளர்கள் வேலை முடிந்த பின்னேரங்களில் தாங்களே மண்வெட்டி பிடித்துச் சமப்படுத்திய நிலம். சமப்படுத்தியது என்பது பேச்சுக்குத்தான். ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றதற்கு நிலம் சரிந்தே கிடந்தது. ஊர் அணி எப்போதும் இரண்டாம் பாதியில், எதிராளிகள் களைத்த பிறகு, பள்ளத்தை நோக்கி ஓடப் பார்க்குமாம். சுரங்கத்துக் கரிக்கழிவைக் குவித்து மேடாக்கி, பழைய தண்டவாளக் கட்டைகளைப் படியாக வைத்து, அதில்தான் சனம் நின்று பார்த்தது. மழை பெய்தால் எல்லோருடைய சப்பாத்தும் கறுப்பு. ஒருமுறை பந்து மதிலைத் தாண்டிக் கரி ரயிலில் விழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டதாம். கிளாஸ்கோவிலிருந்து ஒரு பெரிய அணி கிண்ணப் போட்டிக்கு வந்து, அந்தச் சேற்றில் வழுக்கி வழுக்கி ஒரு கோலால் தோற்றுத் திரும்பியதாம்.

அந்த ஆட்டத்துக்கு ஐயாவைக் கூட்டிப்போனவர் அவருடைய அப்பா. வாசலில் ஒவ்வொருவராக உள்ளே விடுகிற சுழல் கதவு இருக்கும் அல்லவா, அதற்கு மேலால் மகனைத் தூக்கி உள்ளே இறக்கிவிட்டார். அங்கே அது வழக்கம். தூக்கக்கூடிய பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. காவல்காரர் வேறு பக்கம் பார்ப்பார். தான் அப்பாவின் தோளுக்கு வளர்ந்த பிறகும் அவர் விடாமல் தூக்கினார், இடுப்பு முறிந்திருக்கும் என்று சொல்லி ஐயா சிரிப்பார். என் அப்பாவும் யெஸ் என்று சிரிப்பார்.

பிறகு, நாங்கள் அங்கே இருந்தபோதே, அந்த மைதானத்தை விற்றுவிட்டார்கள். பழைய மரப்படிகளில் சனத்தை நிற்க விடக்கூடாது என்று புதுச் சட்டங்கள் வந்தன. மாற்றிக் கட்ட அந்தச் சின்ன அணியிடம் வசதி இல்லை. அணி வேறு ஊரில் இரவல் மைதானத்துக்குப் போனது. பழைய இடத்தில் சுப்பர்மார்க்கெட் வருவதாக முடிவானது. இடிக்கும் முன்பு, விரும்பியவர்கள் வந்து ஆளுக்கொரு துண்டு புல்தரையை வெட்டிக்கொண்டு போகலாம் என்று அறிவித்தார்கள். ஐயா பஸ் ஏறிப்போய், ஈரச்சாக்கில் சுற்றி ஒரு துண்டைக் கொண்டுவந்தார். வீட்டின் பின்வளவில் முழங்காலில் இருந்து அதைப் பதித்தார். சுற்றிவர வெள்ளை நூல் கட்டினார். தினமும் காலையில் தண்ணீர் விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார்.

மேல் ஜன்னலால் அம்மா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உதைபந்தாட்ட மைதானத்துப் புல் என்று நான் சொன்னேன். அம்மா நம்பவில்லை.

"பந்தடிக்கிற புல்லுக்கு ஆர் விடியவெள்ளன எழும்பித் தொப்பி கழட்டிறது? அது அவையின்ர சாமி விசயம். உனக்கு அவற்ற இங்கிலிஸ் விளங்கேல்லை."

அந்த ஆண்டு ஆவணிச் சதுர்த்தி வந்தது. அதற்கு முந்தின ஆண்டு யாழ்ப்பாணத்தில் அம்மப்பா, அதாவது அம்மாவின் அப்பா, இறந்துபோயிருந்தார். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. ஆகவே இந்த முதல் சதுர்த்தியை ஒரு குறையும் இல்லாமல் செய்யவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அப்பாவுக்கு ஷிப்ட் இருந்ததால் விம்பிள்டன் கோயிலுக்குப் போக வழியில்லை. மோதகத்துக்கு மா, பயறு, சர்க்கரை எல்லாம் வந்துவிட்டன. அறுகம்புல் மட்டும் கிடைக்கவில்லை. பார்க்கிங் என்ற இடத்திலிருந்த சித்தி, நீளமாகப் பச்சையாகத்தானே இருக்கவேண்டும், வெங்காயத்தாளை வைத்துச் சமாளி என்று போனில் யோசனை சொன்னாள்.

"பிள்ளையாருக்கு வெங்காயத்தாள் சாத்திற அளவுக்கு எனக்கு இன்னும் விசர் பிடிக்கேல்லை," என்று அம்மா போனை வைத்தாள்.

அறுகு இல்லையென்றால் சுத்தமான வேறு புல்லாவது வேண்டும். பூங்காவில் புல் உண்டு, ஆனால் நாய்கள் வரும். பின்வளவின் மற்றப் பக்கத்தில் உடுப்புத் தோய்த்த தண்ணீர் ஓடும். யாருடைய காலும் படாத, நாய் பூனை அண்டாத, ஒரு மனிதன் தினமும் வணங்கி வளர்க்கிற புல் லண்டனிலேயே ஓரிடத்தில்தான் இருந்தது. ஐயா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கேட்காமல் எடுப்பது பற்றி அம்மா யோசிக்காமல் இல்லை. சாமிக்குப் பூப் பறித்தால் ஊரில் யார் குறை சொன்னார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரும்பு படக்கூடாது என்று கையாலேயே பிடுங்கினாள். பதித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது; புல் வேரோடு வந்துவிட்டது. மண் போகக் கழுவி, பிடி பிடியாக நூலில் கட்டி, மாலையாக்கிச் சாத்தினாள். அந்த மைதானத் துண்டின் பெரும்பகுதி பிள்ளையாரின் கழுத்திலிருந்தது.

மோதகம் அவிந்துகொண்டிருக்கும்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஐயா அதுவரை ஒருநாளும் மேலே வந்தவரில்லை. வாசனைக்கு வந்துவிட்டார் என்று நினைத்த அம்மா, சந்தோஷமாக ஒரு தட்டில் மோதகம் வைத்து நீட்டினாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவருடைய கை முழுக்க மண். பிள்ளையாரின் மாலையைப் பார்த்தபடி மெதுவாக இரண்டு மூன்று வசனம் சொன்னார். உரக்கச் சொல்லவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவருடைய ஆங்கிலம் எனக்கு ஒவ்வொரு சொல்லாக விளங்கியது.

"அம்மா, அவற்ற அப்பா அந்தப் புல்லுக்கை இருக்கிறாராம்," என்றேன்.

"இருக்கிறாரோ? என்னடா சொல்லுறாய்?"

"செத்தாப் பிறகு எரிச்ச சாம்பலை அதிலதான் தூவினவையாம். கோலுக்கு முன்னால. அந்த இடத்துப் புல்லைத்தான் ஐயா வெட்டிக்கொண்டு வந்தவராம்."

அம்மா தட்டை மேசையில் வைத்தாள். எங்கள் வீட்டில் செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலையில் தண்ணீர் வார்க்காமல் குசினிக்குள் கால் வைக்க விடமாட்டாள். அப்படிப்பட்டவள் எரித்த சாம்பல் கலந்த புல்லைப் பிள்ளையாரின் கழுத்தில் போட்டிருக்கிறாள். அவள் பாய்ந்து மாலையை அறுத்து எறியப்போகிறாள், ஐயா எங்களை வீட்டைவிட்டு எழுப்பப்போகிறார், இரண்டில் எது முதலில் என்றுதான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா மாலையைத் தொடவில்லை. போய் அடுப்பை அணைத்தாள். பிறகு என்னிடம், "சாம்பல் போடேக்கை இவர் பக்கத்தில நிண்டவரோ எண்டு கேள்," என்றாள்.

கேட்டேன். ஐயா தன் வலக்கையை விரித்துக் காட்டினார். இந்தக் கையால்தான் தூவினேன், காற்று அடித்து என் கோட்டிலும் கொஞ்சம் பட்டது, அதை நான் தட்டிவிடவில்லை என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"குடுத்துவைச்சவர்," என்றாள் அம்மா.

அதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? நீங்கள் அதிர்ஷ்டக்காரர் என்று அம்மா சொல்கிறாள் என்றேன். ஐயா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்கவேண்டும். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். அம்மா ஒதுங்கி அவருக்குப் பிள்ளையாருக்கு முன்னால் இடம் விட்டுக் கற்பூரம் கொளுத்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல், நான் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவரும் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.

சாமிக்குச் சாத்தியதை ஓடுகிற தண்ணீரில் விடுவதுதான் எங்கள் முறை. அம்மா அன்று மாலையை இரண்டு கையாலும் எடுத்து ஐயாவிடம் கொடுத்தாள். இருவரும் பின்வளவில் குந்தியிருந்து, நூலை அவிழ்த்து, வேர் வேராகத் திரும்ப ஊன்றினார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் ஊன்றினார்கள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வேலியருகில் நின்று, "என்ன, ரெண்டு பேரும் புகையிலைக் கண்டு நடுறியளோ?" என்று கேட்டார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

புல் பிழைத்ததா என்றால், அரைவாசி பிழைத்தது. மற்ற அரைவாசி மஞ்சளாகிப் போனது. ஐயா கோபிக்கவில்லை. கோலுக்கு முன்னால் எந்தக் காலத்தில் புல் ஒழுங்காக நின்றது என்றார்.

அப்பாவின் சாம்பலை மண்ணில் தூவிய ஒருவரை, அந்த மண்ணும் பறிபோன ஒருவரை, அம்மா ஏன் கொடுத்துவைத்தவர் என்றாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அம்மப்பா இறந்தபோது ஊரில் சண்டை, பாதைகள் பூட்டிக் கிடந்தன. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகுதான் கொழும்பிலிருந்த ஒருவர் மூலம் எங்களுக்குச் செய்தி வந்தது. யார் கொள்ளி வைத்தது, சாம்பலை எந்தக் கடலில் கரைத்தது, கரைத்தார்களா இல்லையா என்று அம்மா விசாரித்தவர்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு சித்தி சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த வயதில் நான் விளங்கிக்கொண்டது வேறு. ஐயாவின் அப்பா எங்கள் பின்வளவில் இருக்கிறார், அவருக்கு இந்த ஊரில் ஒருவரையும் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சியில் அன்றைய ஆட்ட முடிவுகளை வாசித்தார்கள். கடைசியில் ஐயாவின் ஊர் அணியின் பெயரும் வந்தது. மூன்றுக்கு ஒன்று என்று தோற்றிருந்தார்கள். ஐயா உள்ளே நித்திரை, அம்மா குசினியில். நான் தனியாகக் கீழே இறங்கிப்போய், வெள்ளை நூலுக்கு வெளியே குந்தியிருந்து, இன்றைக்கு ஒரு கோல் போட்டார்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற மூன்றையும் சொல்லவில்லை.