கொசு அக்காவின் வலது கை

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்ப்பது அவள் வேலை. பதினொரு வருஷமாகச் செய்கிறாள். போகிற வீடுகளில் அவளுக்கு வைத்த பெயர் கொசு. குழந்தைகள் கொசு அக்கா என்பார்கள். பெரியவர்கள் மரியாதை குறையாமல் "வாங்க கொசு" என்பார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. குத்தியதே தெரியாமல் குத்துகிறாள் என்றுதானே சொல்கிறார்கள்.

அவள் இடதுகைக்காரி. ஊசி இடது கையில் இருக்கும். நரம்பைத் தேடுவது வலது ஆள்காட்டி விரல். பருத்த கையோ வற்றிய கையோ, ஒளிந்திருக்கும் நரம்பைக் கண்ணுக்கு முன்னால் அந்த விரல் கண்டுபிடித்துவிடும். அது மூன்று வாரமாக மரத்துப்போய்க் கிடந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் லேபில் ரத்தம் பிடித்த குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு அவள் எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்காது.

அவள் வாராவாரம் போகும் வீடுகளில் ஒன்று தையல்காரருடையது. அவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதனால் வாரம் ஒரு பரிசோதனை.

"என்ன கொசு, ரெண்டாவது தடவை குத்துற? பட்டன் தைக்கிறியா?"

"அசையாம இருங்கண்ணே."

"நான் எங்க அசைஞ்சேன்? உன் விரல்தான் வழி தெரியாம சுத்துது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவளுடைய ஸ்கூட்டர் பஞ்சர். பஸ்ஸில் போனாள். மதியத்துக்குள் விரலில் லேசாக உயிர் எட்டிப்பார்த்தது. அப்போதுதான் பொறி தட்டியது. வண்டியில் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று: கல்யாண நாளுக்குக் கணவன் வாங்கி, தன் கையாலேயே மாட்டிவிட்ட தடித்த ஸ்பாஞ்ச் கைப்பிடிகள். அவன் பஸ் டிரைவர். நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும் கையின் வலி அவனுக்குத் தெரியும். "மெத்து மெத்துனு இருக்கு பாரு," என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னான்!

மெக்கானிக் அவளைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தான்.

"விரல் சுத்தி வரவே இல்லையே அக்கா. எட்டலைன்னா கை இறுக்கத்தான் செய்யும். நாள் பூரா இறுக்கினா மரத்துப்போகாதா?"

"வீட்டுக்காரர் ஆசையா வாங்கினது."

"அப்ப அவரையே ஓட்டச் சொல்லுங்க."

பழைய மெல்லிய ரப்பரையே மாட்டினான். வலப்பக்கம் ஆக்சிலேட்டரில் நாக்குப் போல ஒரு பிளாஸ்டிக் துண்டையும் பொருத்தினான். உள்ளங்கையின் அடியால் அதை லேசாக அழுத்தினால் போதும், விரல்கள் சும்மா கிடக்கலாம்.

சுகமாகத்தான் இருந்தது, லேப் வாசல் வரை. அங்கே பிரேக்குக்கு விரலை நீட்டியபோது உள்ளங்கை இறங்கி நாக்கை அழுத்தியது. வண்டி துள்ளிப் போய் வாட்ச்மேனின் நாற்காலியைக் கவிழ்த்தது. நல்ல வேளை, அவர் எழுந்து நின்றிருந்தார்.

"உட்கார்ந்திருந்தா ஊசியே இல்லாம எனக்கு ரத்தம் எடுத்திருப்பே!"

நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தாள். கை ஓய்வாக இருக்கும் நிலைக்கு அளவு வைத்ததுதான் தப்பு. பிரேக்கில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, அப்படியும் அழுந்தாத இடமாகப் பார்த்து நாக்கைத் திருப்பி வைத்தாள். அந்த இடம் மாறாதிருக்க, பையிலிருந்து வெள்ளை பிளாஸ்திரி கிழித்து அடையாளம் ஒட்டினாள்.

விரலுக்கு உணர்வு ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில் சட்டைப் பொத்தான் தெரிந்தது, பிறகு காகித ஓரம். இரண்டு வாரம் கழித்துத் தையல்காரரின் கையில் ஸ்பாஞ்ச் கைப்பிடி ஒன்றை, சுத்தமான உறை போட்டு, கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடிங்கண்ணே."

விரல் முழங்கை மடிப்பில் ஊர்ந்தது, நின்றது. நரம்பு அங்கேதான் இருந்தது.

"ம், குத்து."

"எடுத்தே முடிச்சாச்சு."

இரண்டு வாரமாக இருட்டிய பிறகே வீடு வந்த கணவன் அன்று சாயங்காலம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எங்க என் மெத்தை?"

இனி மறைக்க முடியாது. விரல் மரத்தது, நாற்காலி கவிழ்ந்தது, இப்போது ரத்தம் கொடுப்பவர்கள் அந்தக் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையை நீட்டினான். அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். விரல்நுனி அவனுடைய கடைசிக் கணுவைக்கூடத் தாண்டவில்லை.

"கடையில என் கையால பிடிச்சுப் பார்த்துல்ல வாங்கினேன்," என்றான் மெதுவாக. பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை பேர் அதைப் பிடிக்கிறாங்க?"

"இருபது பேர் இருக்கும்."

"பரவாயில்லையே. என் பஸ்ல கம்பியைப் பிடிங்கன்னு கத்தினாக்கூட இருபது பேர் பிடிக்க மாட்டாங்க."

கையை அவன் எடுக்கவில்லை. அவனுடைய உள்ளங்கைக் காய்ப்புகளை ஒவ்வொன்றாக அவள் விரல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.